பொய் பிடிக்க வந்தவர்

"பேர்?"

"முருகேசு."

"ஊர்?"

"கரவெட்டி."

"மச்ச மாமிசம் சாப்பிடுவீரோ?"

"சிவசிவா! வாயிலையும் வைக்கமாட்டன்."

முஸ்லிம்கள் வாழும் சோனகத் தெருவில் பிறந்து வளர்ந்து, அன்று காலையில்கூட ஆட்டுக்கறியும் பாணும் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்திருந்த லாபிர், அடுத்த கேள்விக்காகப் பவ்வியமாகக் காத்திருந்தான். அவனுடைய நெஞ்சைச் சுற்றி ஒரு ரப்பர்க் குழாய். விரல்களில் செப்புத் தகடுகள். மேற்கையில், ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்ப்பதுபோலக் காற்றடித்த பட்டி. எல்லாக் கம்பிகளும் மேசைமேல் திறந்திருந்த கறுப்புப் பெட்டிக்குள் போய் மறைந்தன. பெட்டிக்குள் நகர்ந்த காகிதத்தில் ஊசிகள் கோடு கீறிக்கொண்டிருந்தன.

பெட்டிக்குப் பின்னால் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் நமசிவாயம். பத்மா டாக்கீஸில் கள்ளனைக் கண்டுபிடிக்கக் கொழும்பிலிருந்து வரவழைக்கப்பட்ட நிபுணர். பொய் சொன்னால் ஊசி துள்ளும் என்பது அவர் கொடுத்த உறுதிமொழி.

"பிள்ளையள் எத்தினை?"

"மூண்டு. மூத்தவள் பள்ளிக்கூடம் போறாள்."

லாபிருக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை. ஊசிகள் ஏறின, இறங்கின. நமசிவாயம் அவற்றைப் பார்க்காமல் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படத்தின்ரை கடைசி ரீலை எடுத்தது நீரோ?"

"இல்லை."

கதிரையில் உட்கார்ந்ததிலிருந்து லாபிர் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"வீட்டிலை ஆரும் வள்ளமேறி அக்கரைக்குப் போயிருக்கினமோ? அண்ணன், தம்பி, மகன்?"

லாபிரின் குறும்பு அந்த இடத்தில் நின்றுபோனது. அது 1984ஆம் ஆண்டு. வள்ளமேறி இந்தியாவுக்குப் போனவன் என்றால் இயக்கத்தில் சேரப் போனவன் என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்வியை ஒரு தகப்பன் தன் மகனிடம்கூட வாய்விட்டுக் கேட்பதில்லை.

"ஒருத்தரும் இல்லை, ஐயா" என்றான்.

நமசிவாயம் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டு, எழுந்து வந்து குனிந்து அவன் கையிலிருந்த பட்டியை அவிழ்த்தார். அப்போது அவருடைய சேட் காலர் லாபிரின் மூக்குக்கு நேராக வந்தது. காலரின் உட்புறத்தில் கறுப்பு மையால் ஒரு சிறிய வட்டம். வட்டத்துக்குள் ஒரு சிலுவை.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார் மனேஜர் ஏரம்பு. தியேட்டர் முதலாளியின் மச்சினன் அவர். லாபிரை உள்ளே கொண்டுவந்து விடும்போது நமசிவாயம் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இவர் புதுசோ, பழசோ?" அதற்கு ஏரம்பு சொன்ன பதில்: "புதுசு. சைக்கிளிலை ரீல் கொண்டு திரியிற பெடியனுக்குக் கால் சுளுக்கு. பதிலுக்கு வந்தவன். ஒருத்தரையும் விடாமச் சோதிக்கட்டாம்."

"எப்படி?" என்று இப்போது ஏரம்பு கேட்டார்.

"நேர்மையான ஆள். ஒரு பொய்யும் இல்லை."

"ஐயா, அதை ஒரு துண்டிலை எழுதித் தரேலுமோ?" என்றான் லாபிர். "மனிசிக்குக் காட்டவேணும்."

*

தியேட்டருக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில், ஒரு வேப்பமர நிழலில், பழைய மொரிஸ் மைனர் கார் நின்றது. முன் ஆசனத்தில் சட்டத்தரணி குணலட்சுமி சோளம் கொறித்துக்கொண்டிருந்தாள். நீதிமன்றம் போகும் நாட்களைவிட நீதிமன்றம் போகாமலே விஷயத்தைத் தீர்த்து வைத்த நாட்கள் அவளுக்கு அதிகம். நகரத்தில் யாருக்காவது ஏதாவது புரியாமல் போனால் அவளிடம்தான் வருவார்கள். லாபிர் அவளுடைய கார்ச் சாரதி. உளவாளியும் அவனே. வாய் ஓயாத தொல்லையும் அவனே.

பின் ஆசனத்தில் சிமியோன் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். குருநகர்க்காரர். தலைமயிர் கறுப்பாக இருந்த காலம்தொட்டு பத்மா டாக்கீஸில் படம் ஓட்டுகிறவர். அவருக்காகத்தான் லாபிர் முருகேசாகி உள்ளே போயிருந்தான்.

"அக்கா, நான் கரவெட்டிச் சைவப்பழம். மூண்டு பிள்ளையின்ரை தகப்பன்" என்று கதவைத் திறந்தான் லாபிர். "மெஷினே சொல்லிப்போட்டுது. வாப்பாவுக்கு எப்படிச் சொல்லப்போறனோ தெரியேல்லை."

"ஊசி துள்ளேல்லையோ?"

"துள்ளினதோ படுத்ததோ, மனிசன் பாத்தாத்தானே!"

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை புதுப்படம். பகல் மற்னி ஷோவில் கதாநாயகியைத் தூக்குமேடையில் ஏற்றிவிட்டார்கள். கதாநாயகன் குதிரையில் வந்துகொண்டிருந்தான். அடுத்த ரீலை எடுக்கச் சிமியோன் தகரப் பெட்டியைத் திறந்தால் பெட்டி வெறுமை. கதாநாயகி தூக்குமேடையிலேயே நிற்க, சனம் கதிரைகளை உடைத்தது. முதலாளி சிவசுப்பிரமணியம் கேற்றைப் பூட்டி, வேலையாட்கள் அத்தனை பேரையும் சோதித்தார். ரீல் அகப்படவில்லை. சனிக்கிழமை காலையில் இந்தப் பெட்டியோடு நமசிவாயம் வந்து இறங்கினார்.

பெட்டி ஐந்து பேரைப் பொய்யர் என்றது. சிமியோன், ரிக்கற் குடுக்கிற பராசக்தி, வாசலில் நிற்கிற சந்தியோகு, இன்னும் இருவர். அவர்கள் இன்று திங்கட்கிழமை மற்னிக்கு முன் தாங்களாகவே வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பெயர்கள் பொலிசுக்குப் போகும். பொலிசுக்குப் போன பெயர் அங்கிருந்து கோட்டைக்குள் இருக்கும் ஆமியிடம் போய்ச் சேர அதிக நேரம் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"நீங்கள் ஏன் அண்ணை அதிலை இருந்தனீங்கள்?" என்று குணலட்சுமி திரும்பினாள். "மாட்டன் எண்டு சொல்லியிருக்கலாமே."

"மாட்டன் எண்டு சொன்னா, அவன்தான் கள்ளனாம், பிள்ளை."

"எனக்குத் தெரிஞ்ச எந்தச் சட்டத்திலையும் வேலைக்காரனை உப்பிடி வயரிலை கட்டி விசாரிக்கலாமெண்டு இல்லை. மறுத்தவன் கள்ளன் எண்டும் இல்லை. வெருட்டி வாங்கின சம்மதம் சம்மதமே இல்லை."

சிமியோன் தன் விரல்களைப் பார்த்தார். "நான் ரீலைத் தொடேல்லை. ஆனா ஊசி துள்ளினது உண்மை. நானே கண்டனான்."

"எந்தக் கேள்விக்கு?"

சிமியோன் வெளியே திரும்பிக்கொண்டார். லாபிருக்குச் சிரிப்பு அடங்கியது. "அக்கா, கடைசியிலை ஒண்டு கேட்டவர். வீட்டிலை ஆரும் வள்ளமேறிப் போனவையோ எண்டு."

குணலட்சுமி கார்க் கண்ணாடியை மேலே ஏற்றினாள்.

"என்ரை சின்னவன்..." என்று சிமியோன் தொடங்கினார்.

"வேண்டாம், அண்ணை. எனக்கும் தெரியத் தேவையில்லை. ரீல் தேடுற ஆளுக்கு அந்தக் கேள்வி என்னத்துக்கு? ஆரை இருத்திக் கேட்டாலும் நெஞ்சு அடிக்கும்."

"எனக்கும் அடிச்சது" என்றான் லாபிர். "எங்கடை வீட்டிலை வள்ளம் ஏறினா வாந்தி எடுக்கிற ஆக்கள்தான். எண்டாலும் அடிச்சது. ஆனா நான் பாஸ்."

"ஏன் பாஸ்?"

"முகவெட்டு."

"இல்லை. நீ புதுசு." குணலட்சுமி சோளத்தைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். "பொய்யரெண்ட ஐஞ்சு பேரும் ஆர்? இருக்கிறதுக்குள்ளை ஆகப் பழைய ஐஞ்சு பேர். நேத்து வந்தவன், முந்தநாள் வந்தவன் எல்லாரும் அரிச்சந்திரன்."

"அப்ப மெஷினுக்குப் பொய் தெரியாது. சேவைக்காலம்தான் தெரியும்!"

"பழைய ஆக்களை வேலையாலை நிப்பாட்டுறதெண்டா தொழில் ஆணையாளரிட்டை அனுமதி எடுக்கவேணும், நட்டஈடு குடுக்கவேணும். கள்ளனை நிப்பாட்ட அது தேவையில்லை. கள்ளன் தானே எழுதிக் குடுத்திட்டுப் போனா இன்னும் வசதி. ஆனா இதெல்லாம் என்ரை ஊகம். கையிலை பிடிக்க ஒண்டு வேணும்."

லாபிர் தன் சேட் காலரைத் தூக்கிக் காட்டினான். "இருக்கு, அக்கா. பேர் நமசிவாயம். காலரிலை சிலுவை."

சிமியோன் தலைநிமிர்ந்தார். "வட்டத்துக்குள்ளையோ? அது எங்கடை செபநாயகத்தின்ரை லோண்டரிக் குறியெல்லோ!"

*

குருநகரில் மாதா கோவிலுக்குப் போகும் தெருமுனையில் செபநாயகம் சிரட்டைக்கரி எரிந்த இஸ்திரிப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தார். கடை முழுவதும் கஞ்சி வாசனை.

"அண்ணை, உடுப்புத் தந்தா எப்ப கிடைக்கும்?" என்று கேட்டான் லாபிர்.

"நாலு நாள்."

"அவசரமெண்டா?"

"அவசரமெண்டா ஐஞ்சு நாள். அவசரப்படுத்தினா எனக்குக் கோவம் வரும்."

குணலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. "கொழும்புக்கார ஐயா ஒருத்தரின்ரை வெள்ளைச் சேட். கழுத்து உயரமான காலர். ஞாபகம் இருக்கோ?"

"ஏனில்லை? பட்டு மாதிரித் துணி. சுட்டுப்போடுவனோ எண்டு பயந்து பயந்து பெட்டி போட்டனான். பத்மா டாக்கீஸ் ஏரம்பர்தான் கொண்டந்து தந்தவர். தன்ரை வீட்டிலை கொழும்பு ஆள் ஒருத்தர் நிக்கிறாராம்."

"எப்ப தந்தவர்?"

"போன செவ்வாய்க்கிழமை. அந்தோனியார் பூசைக்குக் கடை பூட்டிக்கொண்டு நிக்கேக்கை ஓடி வந்தவர். சனிக்கிழமை திருப்பிக் குடுத்தனான்."

லாபிர் காரில் ஏறி ஸ்ரார்ட் பண்ணாமல் இருந்தான். "அக்கா, காய்ச்சல் வந்தது வெள்ளிக்கிழமை. டொக்டர் செவ்வாய்க்கிழமையே வந்து சேட்டும் தோய்க்கக் குடுத்திட்டார்."

"ஓம். களவு போகப்போகுதெண்டு அவருக்கு முதலே தெரிஞ்சிருக்கு."

"அப்ப தியேட்டருக்கு விடட்டோ?"

"நல்லூருக்கு விடு. முதலாளி வீட்டுக்கு."

"முதலாளி தியேட்டரிலையெல்லோ நிக்கிறார்?"

"லாபிர், அந்தத் தியேட்டருக்கு என்ன பேர்?"

"பத்மா டாக்கீஸ்."

"முதலாளியின்ரை மனிசிக்கு என்ன பேர்?"

"பத்மாவதி... யா அல்லா!" லாபிர் சாவியைத் திருகினான். "சீதனக் காணி!"

*

அவர்கள் பத்மா டாக்கீஸுக்கு வந்தபோது மனேஜர் அறையில் வேலையாட்கள் எல்லோரும் சுவரோரமாக நின்றார்கள். மேசையில் ஐந்து வெள்ளைத் தாள்கள். பராசக்தியின் கண்கள் வீங்கியிருந்தன. சந்தியோகு கையில் பேனையை வைத்துக்கொண்டு அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாதவர்போல நின்றார்.

"ஒருத்தரும் எழுத வேண்டாம்" என்றாள் குணலட்சுமி.

சிவசுப்பிரமணியம் கதிரையிலிருந்து எழவில்லை. "லோயர் பிள்ளை, இது என்ரை தியேட்டர். என்ரை ஆக்கள். நான் கூலி குடுத்துக் கொண்டந்த மெஷின். உமக்கு இஞ்சை என்ன வேலை?"

"நாளைக்கு இவை தொழில் நியாய சபைக்குப் போவினம். அங்கை உங்களைக் கேப்பினம், ரீலை எடுத்ததை ஆர் கண்டது எண்டு. ஊசி கண்டது எண்டு சொல்லப் போறியளோ?"

"விஞ்ஞானம், பிள்ளை! கொழும்பிலை பெரிய கொம்பனியள் எல்லாம் செய்யுதுகள்."

"மிஸ்டர் நமசிவாயம், இந்த மெஷின் பிழை விடாதோ?"

"சான்ஸே இல்லை" என்றார் நிபுணர்.

"காலமை முருகேசு எண்டு ஒருத்தரைச் சோதிச்சனீங்களாம்."

"ஓம். நேர்மையான பெடியன்."

லாபிர் முன்னால் வந்து நெஞ்சில் கைவைத்துக் குனிந்தான். "அஸ்ஸலாமு அலைக்கும். பேர் லாபிர். சோனகத் தெரு. கல்யாணம் ஆகேல்லை. காலமை ஆட்டுக்கறி."

சுவரோரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பராசக்தி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

நமசிவாயம் ரையைத் தளர்த்தினார். "சில பேருக்கு நரம்பு ஒரு மாதிரி... நூற்றிலை ஒண்டு..."

"அதை விடுங்கோ. நீங்கள் யாழ்ப்பாணம் எப்ப வந்தனீங்கள்?"

"சனிக்கிழமை விடிய, மெயில் ரயிலிலை."

"சேட் அதுக்கு முந்தியே வந்திட்டுதோ? காலரிலை குருநகர் லோண்டரிக் குறி இருக்கு. செபநாயகத்தார் செவ்வாய்க்கிழமை வாங்கினவராம்."

அறையில் இருந்த எல்லோரும் பார்க்க, நமசிவாயத்தின் கை தானாகப் போய்க் காலரைப் பொத்தியது. மேசையில் பெட்டியின் ஊசிகள் சும்மா கிடந்தன. அவற்றுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

"எனக்கு ஒண்டும் தெரியாது" என்று அவர் முனகினார். "போன கிழமையே வந்து நிக்கச் சொன்னவை. பழைய ஆக்கள் ஆரும் தப்பக்கூடாது எண்டவை. வள்ளக் கேள்வியும் அவை தந்ததுதான். அதைக் கேட்டா எல்லாரும் பதறுவினமாம்."

"எவை?"

ஏரம்பு யன்னலைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார். "அத்தான்தான்..."

"டேய்!" என்று பாய்ந்து எழுந்தார் சிவசுப்பிரமணியம். "பொய்! முழுப் பொய்!"

அந்தச் சொல்தான் அவருக்கு வினையாகப் போனது. "அப்ப நீங்கள் அதிலை இருங்கோ, ஐயா!" என்றார் சந்தியோகு. முதலாளியோடு இத்தனை வருடத்தில் அவர் குரல் உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை. "ஓம், இருத்துங்கோ! அவரையும் கட்டிக் கேளுங்கோ!" என்று மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். லாபிர் உற்சாகமாகக் கதிரையை இழுத்துப் போட்டு, ரப்பர்க் குழாயையும் கையில் எடுத்துக்கொண்டான்.

அப்போது வாசலில் ஒரு குரல் கேட்டது.

"இஞ்சாருங்கோ. அவையள் கேட்டு முடிய நானும் ஒரே ஒரு கேள்வி கேக்கட்டோ?"

பட்டுச் சேலையும் கையில் குடையுமாகப் பத்மாவதி நின்றாள். அவ்வளவு நேரமும் வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

சிவசுப்பிரமணியத்தின் முகம் வெளுத்த வேகத்தை அளக்க எந்த ஊசியாலும் முடியாது. அவர் கதிரையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். "பத்மா... இந்த மெஷின்... இது சரியான பிழையான மெஷின். விசர் மெஷின். ஒரு மனிசனைக் கட்டி வைச்சு அவன்ரை சொந்த விஷயங்களைக் கேக்கிறதெல்லாம் ஒரு நியாயமோ?"

"அதைத்தான் நாங்கள் மூண்டு நாளாச் சொல்லுறம்" என்றாள் பராசக்தி.

குணலட்சுமி சுவரோரம் போய் பிளக்கைப் பிடுங்கினாள். லாபிரின் முகம் தொங்கிப்போனது.

"அக்கா! ஒரே ஒரு கேள்வி!"

"இல்லை. இவையளுக்குக் கூடாததெண்டா அவருக்கும் கூடாது. ஐயாவை நான் வயரிலை கட்ட விடமாட்டன். ஆனா பதில் சொல்ல வைப்பன்."

சிவசுப்பிரமணியம் தன்னைக் காப்பாற்றியவளை நன்றியோடு பார்க்கவா, கோபத்தோடு பார்க்கவா என்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தார். கதை மெல்ல மெல்ல வெளியே வந்தது. கொழும்பில் ஒருவர் இடத்தைக் கேட்டிருந்தார். வீடியோ வந்த பிறகு தியேட்டருக்கு எதிர்காலம் இல்லை, கடைத்தொகுதி கட்டலாம் என்றார். ஆனால் உள்ளே ஒரு பழைய ஆளும் இருக்கக்கூடாது என்பது நிபந்தனை.

"நான் விக்கிறதெண்டு எப்ப சொன்னனான்?" என்று பத்மாவதி கேட்டாள்.

"உன்னட்டை எல்லாம் முடியப் பேந்து சொல்லலாமெண்டு..."

"என்ரை அப்பு எனக்குத் தந்த காணி. என்னட்டைப் பேந்து சொல்லுவியள்!" அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "ஏரம்பு, ரீல் எங்கை?"

ஏரம்பு எல்லோரையும் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். படம் ஓட்டும் அறையின் மூலையில், தூசு படிந்த ஒரு தகரப் பெட்டி. மேலே அரசாங்க முத்திரை. குடும்பக் கட்டுப்பாடு பற்றிய விளக்கப்படம். மூடியைத் திறந்தார். உள்ளே கதாநாயகி தூக்குமேடையில் பத்திரமாகச் சுருண்டு கிடந்தாள்.

"யாழ்ப்பாணத்திலை இதைவிட நல்ல லொக்கர் இல்லை" என்றான் லாபிர். "ஒரு மனிசன் கிட்டப் போகமாட்டான்."

பத்மாவதி அந்த ஐந்து வெள்ளைத் தாள்களையும் ஒன்றாகப் பிடித்துக் கிழித்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வெளியே மற்னிக்குச் சனம் கேற்றை உலுப்பிக்கொண்டிருந்தது.

"சந்தியோகு அண்ணை, வெள்ளிக்கிழமையிலை இருந்து கரைச்சல் பட்டனீங்கள். இண்டைக்கு முதலாம் வகுப்பிலை இருந்து படம் பாருங்கோ. பராசக்தி, நீரும் போய் இரும். ஏரம்பு ரிக்கற் குடுப்பான்." கணவனிடம் திரும்பி, "நீங்கள் வாசலிலை நிண்டு ரிக்கற்றைக் கிழியுங்கோ" என்றாள்.

மாடிப்படியில் குணலட்சுமி அவளை நிறுத்தினாள். "அம்மா, ஐயாவிட்டைக் கேக்க இருந்த அந்த ஒரு கேள்வி என்ன?"

"கேள்வியோ? ஒண்டுமில்லை, பிள்ளை. மனிசன் என்ன செய்யிறாரெண்டு பாக்கத்தான் சும்மா சொன்னனான்." பத்மாவதி குடையைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டாள். "இனித்தான் கேள்வியள் யோசிக்கவேணும்."

நமசிவாயம் பெட்டியை மூடிக்கொண்டு பின்கதவால் நழுவப் பார்த்தார். குணலட்சுமி குறுக்கே நின்று கையை நீட்டினாள். அவர் பெருமூச்சோடு காகிதச் சுருள்கள் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு பெயர். கடைசிக் கேள்விக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு குறி. அவள் ஒன்றையும் விரித்துப் பார்க்கவில்லை. பெயர்களை மட்டும் வாசித்து, அவரவர் சுருளை அவரவர் கையில் கொடுத்தாள். தன் சுருளைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டப்போவதாக லாபிர் அறிவித்தான்.

சிமியோன் தன்னுடையதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படம் ஓட்டும் அறைக்குத் திரும்பினார். புரொஜெக்டரின் பின்பெட்டியைத் திறந்து கார்பன் குச்சிகளை முட்ட வைத்தார். வெள்ளை நெருப்புப் பற்றிக்கொண்டது. அவர் சுருளின் நுனியை அதில் நீட்டி, விரல் சுடும்வரை பிடித்திருந்து, பிறகு விட்டார். சாம்பலை ஊதித் தள்ளிவிட்டுப் பெட்டியின் கதவைச் சாத்தினார்.

கீழே சனம் விசிலடித்தது. அவர் முதல் ரீலைப் பூட்டி, மண்டபத்து விளக்கை அணைத்தார்.